செவிவழிச் சான்று: கேலிக் கதைமரபும் நம்பிக்கையின் எல்லையும்

நேரில் கண்டவரின் சாட்சியம் வலுவானது என்றும், அவரிடம் கேட்டுச் சொல்பவரின் சாட்சியம் அதைவிட மெலிந்தது என்றும், வாய்மாறி வாய்மாறி வரும் செய்தி ஒவ்வொரு படியிலும் தன் உறுதியில் ஒரு பங்கை இழக்கிறது என்றும் ஜான் லாக் என்னும் ஆங்கிலத் தத்துவ அறிஞர், 1690இல் வெளியான தம் 'மனித அறிவு பற்றிய கட்டுரை'யில் வாதிட்டார். ஆவணத்தின் சான்றிட்ட நகலை இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்கும், நகலின் நகலை ஏற்கமாட்டா என்ற சட்ட வழக்கத்தை அவர் இதற்குத் துணையாகக் கொண்டார். பழமை ஏற ஏற ஒரு கூற்றின் மதிப்பும் ஏறும் என்று எண்ணுவோரை மறுப்பதே அவர் நோக்கம். ஒன்பது ஆண்டுகள் கழித்து ஜான் கிரெய்க் என்ற ஸ்காட்லாந்துக் கணித அறிஞர் இந்தத் தேய்வைச் சமன்பாடாகவே எழுதி, இயேசுவின் வரலாறு வாய்மொழியை மட்டும் நம்பியிருந்தால் அதன் நம்பகம் 8ஆம் நூற்றாண்டளவிலேயே அற்றுப்போயிருக்கும் என்றும், எழுத்தின் துணையால் 3150ஆம் ஆண்டுவரை அது தாங்கும் என்றும் கணக்கிட்டார். இக்கணக்கு இன்று சிரிப்பை வரவழைக்கலாம். ஆனால் அதன் அடியில் கிடந்த பூசல் சிரிப்புக்குரியதன்று. 1546இல் டிரென்ட் நகரில் கூடிய கத்தோலிக்கப் பொதுச்சங்கம், மறைநூலோடு எழுதப்படாத மரபுரைகளையும் அதே பத்தியுடன் ஏற்க வேண்டும் என்று அறிவித்திருந்தது. சீர்திருத்தச் சபையினரோ எழுதப்பட்ட மறைநூல் ஒன்றே போதும் என்றனர். காட்சியாலும் கருதலாலும் அன்றிப் பிறர் சொல்லால் பெறும் அறிவு, அதாவது உரையளவை, எத்தனை தலைமுறை தாங்கும் என்ற கேள்வி அக்காலத்தில் ஐரோப்பாவைப் பிளந்த கேள்விகளுள் ஒன்றாக இருந்தது.

இவ்வாதங்களை எழுதியோரின் வாசலுக்கு வெகுதொலைவில் இல்லாத அயர்லாந்திலும், ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலும் மேற்குத் தீவுகளிலும், கேலிக் மொழி பேசிய மக்கள் தங்கள் குலவரலாற்றையும் வீரர் கதைகளையும் பெரும்பகுதி வாய்வழியாகவே பேணிவந்தனர். இப்பொறுப்பை ஏற்றவர் ஷனக்கி எனப்பட்டார். அவர் காத்த பொருளுக்கு ஷனக்கஸ் என்று பெயர்; குலவரிசை, ஊரும் குன்றும் பெயர்பெற்ற வரலாறு, பழைய வழக்குகள், குடும்பங்களுக்கிடையே இருந்த உறவும் பகையும் என யாவும் அதில் அடங்கும். நீண்ட வீரக்கதைகளையும் மாயக்கதைகளையும் சொல்பவரை ஷ்கேலி என்று பிரித்துக் கூறுவதும் உண்டு. லாக்கின் விதியை இவர்கள்மீது பொருத்தினால், இவர்கள் காத்தது அனைத்தும் தேய்ந்து தேய்ந்து மதிப்பிழந்த சரக்கு என்றே முடிவு வரும். ஆனால் அவ்விதி ஒன்றைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டு தொடங்குகிறது: வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் தொடக்கத்தில் நடந்த நிகழ்ச்சிக்கே சாட்சி சொல்ல முற்படுகிறார் என்பது அது. கேலிக் மரபு இவ்விடத்தில் வேறொரு பொறுப்பை வகுத்தது. கதையை ஒப்படைப்பவர் தமக்கு முன் அதைச் சொன்னவருக்குச் சாட்சி. முன்னவர் சொன்னது இதுதான் என்பதற்கு அவர் பிணை நிற்கிறார், முன்னவர் சொன்னது மெய் என்பதற்கு நிற்பதில்லை. நம்புதலும் பிழையின்றி ஒப்படைத்தலும் இருவேறு கடமைகளாக இருக்கக்கூடும் என்ற இந்தக் கருத்து, சமய நம்பிக்கை பற்றிய சிந்தனையில் தனக்குரிய கவனத்தைப் பெறவில்லை எனலாம்.

பழைய அயர்லாந்தில் இக்கடமை நாட்டுப்புறத்தாரின் பொழுதுபோக்காக இருக்கவில்லை. சட்டத்தால் தகுதி வகுக்கப்பட்ட ஒரு தொழிலாக இருந்தது. ஃபிலி எனப்பட்ட புலவர்கள் ஏழு படிநிலைகளில் அமைந்தனர். அவற்றுள் உயர்ந்த நிலையை எய்திய ஒல்லவ் என்பவர் 350 கதைகளை அறிந்திருக்க வேண்டும் என்றும், அவற்றுள் 250 தலைமைக் கதைகள், 100 துணைக் கதைகள் என்றும் பழைய ஏடுகள் கூறுகின்றன. 'ஷனக்கஸ் மார்', அதாவது 'பெருமரபு' என்னும் தொல் ஐரிஷ் சட்டத் தொகுப்பு, இம்மரபறிவு எதனால் காக்கப்பட்டது என்று தானே கேள்வி எழுப்பி, முதியோரின் பொது நினைவு, ஒரு செவி மறுசெவிக்கு ஒப்படைத்தது, புலவர்களின் இசைப்பு என மூன்றைக் கூறி, மறைநூலின் சட்டம் அதற்குப் பெருக்கமும் இயற்கையின் சட்டம் அதற்கு உரமும் தந்ததாக விடையிறுக்கிறது. இங்கே எழுத்து பிற்பாடு வந்து சேர்ந்த துணை, அடித்தளம் செவியே. நினைவு என்பதைத் தனியொருவரின் உடைமையாகக் கருதாமல், பலரும் சேர்ந்து பிடித்திருக்கும் பொதுப்பொருளாக அந்நூல் கண்டதும் கருதத்தக்கது. ஒருவர் தவறினால் உடனிருப்பவர் திருத்துவார் என்ற ஏற்பாடு அதில் உள்ளடங்கியிருக்கிறது. லாக் வரைந்த சங்கிலியில் கண்ணிக்கு ஒருவரே நிற்கிறார், அருகில் திருத்துவோர் எவரும் இல்லை.

ஆயினும் சங்கிலி அறுந்துபோகலாம் என்ற அச்சம் அம்மரபுக்கு உள்ளேயே இருந்தது என்பதற்கு, 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'லெய்ன்ஸ்டர் நூல்' என்னும் கையெழுத்துப் பெருந்தொகுப்பில் உள்ள ஒரு சிறுகதை சான்று. கூலி நாட்டு ஆநிரை கவர்ந்த போரைக் கூறும் 'டாயின்' என்னும் பெருங்கதை ஐரிஷ் இலக்கியத்தின் தலைக்கதை. ஷென்கான் டோர்பேஷ்ட் என்ற தலைமைப் புலவர் அயர்லாந்தின் புலவர்களையெல்லாம் கூட்டி, அக்கதை முழுவதும் யாருக்கேனும் நினைவிருக்கிறதா என்று வினவ, துண்டுதுண்டாகவே தெரியும் என்று எல்லாரும் கைவிரித்தனர். முழுக்கதையும் கிழக்கே கடல்கடந்து போயிருந்தது. அதற்கு மாற்றாக வந்தது செவில் நகர ஆயர் இசிடோர் எழுதிய இலத்தீன் கலைக்களஞ்சியம் என்று உரையாசிரியர்கள் விளக்கம் தருகின்றனர். கதையைத் தேடிப் புறப்பட்டவர்களுள் ஷென்கானின் மகன் முயிர்கென் வழியில் ஒரு கல்லறையருகே தனியே அமர்ந்தான். அது ஃபெர்கஸ் மக் ரோய்க் என்பவனின் கல்லறை. டாயின் போரில் தானே பங்குகொண்ட வீரன் அவன். அந்தக் கல்லை நோக்கி, ஃபெர்கஸிடமே பேசுவதுபோல முயிர்கென் ஒரு பாடல் இசைத்ததும், பெருமூடுபனி அவனைச் சூழ்ந்து மூன்று பகலும் மூன்று இரவும் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறைத்தது. அந்நேரத்தில் இறந்த வீரன் வந்து, தொடக்கம் முதல் முடிவுவரை நடந்தவாறே முழுக்கதையையும் அவனுக்கு உரைத்தான்.

இக்கதையை இயற்றியவர் எவராயினும் சாட்சியத்தின் தத்துவத்தை நன்கு அறிந்தவர். வாய்மொழிச் சங்கிலி சிதைந்த இடத்தில், அதைக் கண்ணி கண்ணியாகப் பழுதுபார்க்காமல், நேரில் கண்டவனையே கல்லறையிலிருந்து எழுப்பி இடைப்பட்ட தலைமுறைகள் அனைத்தையும் ஒரே தாவலில் கடந்துவிடுகிறார். லாக்கின் அளவுகோலின்படியே இதைவிட உயர்ந்த சாட்சியம் இருக்க முடியாது. ஆனால் அச்சாட்சியத்தைப் பெறுவதற்கு எந்த நீதிமன்றமும் ஏற்காத ஓர் அற்புதம் வேண்டியிருக்கிறது. மறுபாட்டு ஒன்றையும் அதே ஏடு ஒளிக்காமல் தருகிறது: கதையை மீட்டவர் மகனல்லர், ஷென்கானே, ஃபெர்கஸின் குலத்தில் தோன்றிய புனிதர்கள் முன் உண்ணாநோன்பு இருந்து அதைப் பெற்றார் என்றும் சிலர் கூறுவர் என்கிறது அது. எதிராளியின் வாசலில் பட்டினி கிடந்து நீதி கோருவது பழைய ஐரிஷ் சட்டம் ஏற்ற முறை. ஆகவே புறச்சமயக் கதையை மீட்டுத்தரும் பொறுப்பு இப்பாடத்தில் கிறித்தவப் புனிதர்கள்மீது சட்டபூர்வமாகவே சுமத்தப்படுகிறது.

அதே லெய்ன்ஸ்டர் நூலில் டாயின் கதை முடியும் இடத்தில் எழுதப்பட்டிருக்கும் இரண்டு முடிவுரைகள், கேலிக் மரபு பற்றிய எந்தத் தத்துவ ஆராய்ச்சியும் வந்து நின்றாக வேண்டிய இடம். முதலாவது ஐரிஷ் மொழியில் அமைந்தது. இக்கதையை இங்குள்ளவாறே நேர்மையாக மனனம் செய்து, வேறு வடிவம் எதையும் சேர்க்காதவர் ஒவ்வொருவருக்கும் வாழ்த்துக் கூறுகிறது. அடுத்தது இலத்தீன் மொழியில். இவ்வரலாற்றை, அல்லது சரியாகச் சொன்னால் இக்கட்டுக்கதையை எழுதிய தாம் இதிலுள்ள பலவற்றை நம்பவில்லை என்றும், சில பேய்களின் ஏமாற்று, சில புலவர்களின் கற்பனை, சில நடந்திருக்கக் கூடியவை, சில நடந்திருக்க இயலாதவை, சில அறிவிலிகளின் மகிழ்ச்சிக்காக அமைந்தவை என்றும் எழுதியவர் தம்மை விலக்கிக்கொள்கிறார். இரண்டு மொழிகளில் இரண்டு மனங்கள் பேசுகின்றன என்றும், இலத்தீன் வரிகள் துறவியின் குற்றவுணர்வு என்றும் இதை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் இரண்டு முடிவுரைகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பதே உற்றுநோக்கினால் தெரியவருவது. முதலாவது ஒப்படைத்தலைப் பற்றியது, மற்றது நம்புதலைப் பற்றியது. நம்பாத ஒருவர், பல ஆயிரம் சொற்கள் கொண்ட ஒரு கதையை வரிவரியாகப் படியெடுத்து முடித்த பிறகுதான் தம் நம்பாமையைப் பதிவு செய்கிறார்; எங்கும் கதையைக் குறுக்கவில்லை, பேய்களின் ஏமாற்று என்று தாம் கருதியதை வெட்டி எறியவும் இல்லை. கடிதம் கொண்டுவருபவர் அதில் எழுதியிருப்பதோடு உடன்பட வேண்டியதில்லை, ஆனால் அதைத் திருத்தி எழுத அவருக்கு உரிமையும் இல்லை என்பது போன்ற ஒரு நேர்மை இது.

இத்தகைய நேர்மை கிறித்தவத் துறவிக்கு எப்படிக் கைகூடியது என்பதை, 1200ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்ட 'முதியோர் உரையாடல்' என்னும் நூல் கதையாகவே விளக்குகிறது. ஃபின் மக் கூல் என்னும் தலைவனின் படைவீரர்களுள் கீல்ச்சே, ஒஷீன் முதலிய சிலர் மட்டும் நெடுங்காலம் உயிரோடிருந்து புனித பேட்ரிக்கைச் சந்திக்கின்றனர். கீல்ச்சே நாடெங்கும் அவருடன் சென்று, ஒவ்வொரு குன்றுக்கும் நீரூற்றுக்கும் உரிய பழங்கதையைச் சொல்ல, மகிழ்ந்துபோன பேட்ரிக்குக்கு உடனே ஐயம் பிறக்கிறது: இக்கதைகளைக் கேட்பது வேண்டுதலுக்கும் இறைப்பணிக்கும் இடையூறு அல்லவா? அவருடைய காவல் தூதர்கள் இருவர் தோன்றி, இந்த முதிய வீரர்கள் மறதியால் தங்கள் கதைகளில் மூன்றில் ஒரு பங்கையே சொல்கிறார்கள் என்றும், அவற்றைப் புலவர்களைக் கொண்டு எழுதிவைக்க வேண்டும் என்றும், உலகின் இறுதிவரை அவை மக்களுக்கு இன்பம் தரும் என்றும் கூறுகின்றனர். இந்த அனுமதியின் நுட்பம் கவனிக்கத்தக்கது. கதைகள் உண்மை என்று தூதர்கள் சான்று தரவில்லை. அவை ஆன்மாவுக்கு நலம் பயக்கும் என்றும் கூறவில்லை. இன்பம் தரும், ஆகவே காக்கத்தக்கவை என்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். மீட்பு பெறாத புறச்சமயத்தாரின் சொல்லுக்குக் கிறித்தவ உலகில் ஓர் இடம் இவ்வாறு ஒதுக்கப்பட்டது. அந்த இடம் மெய்ம்மைக்கும் பொய்ம்மைக்கும் அப்பால் அமைந்தது என்பதாலேயே அது நிலைத்தது.

குலவரிசையின் நிலை இதனினும் வேறு. இங்கே கேலிக் மரபின் புகழைப் பாடுவோர் பலரும் தயங்கும் ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். 1249இல் ஸ்கோன் என்னுமிடத்தில் மூன்றாம் அலெக்சாண்டர் ஸ்காட்லாந்தின் அரசராக அமர்த்தப்பட்டபோது, மலைநாட்டு ஷனக்கி ஒருவர் அவர்முன் வணங்கி, அரசரின் முன்னோரைத் தலைமுறை தலைமுறையாகக் கேலிக் மொழியில் ஓதினார். அவ்வோதுதல் அலங்காரமன்று; ஆளும் உரிமைக்கு அதுவே ஆவணம். உரிமை எங்கு உண்டோ அங்கு திருத்தமும் உண்டு. புதிதாக எழுந்த அரசகுலங்களைப் பழைய குலங்களின் கிளைகளாக ஒட்டவைத்த வேலை இடைக்கால ஐரிஷ் குலவரிசைகளில் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டில் உருப்பெற்ற 'அயர்லாந்தைக் கைக்கொண்ட நூல்' கேலியரின் முன்னோரை சிதியா, எகிப்து, ஸ்பெயின் எனச் சுற்றவைத்து நோவாவின் வழியினரோடு இணைக்கிறது. மறைநூல் வரலாற்றில் தங்கள் மக்களுக்கு இடமில்லாததைக் கற்றறிந்த துறவிகள் இவ்வாறு ஈடுசெய்தனர். நம்பாததைச் சிதைக்காமல் ஒப்படைத்த அதே கற்றோர் கூட்டம், நம்பப்பட வேண்டியதைப் புனைந்தும் தந்திருக்கிறது. ஒருவர் நம்பிக்கையையும் ஒப்படைப்பையும் பிரித்து வைத்திருந்த இடத்தில் கதை தப்பிப் பிழைத்தது. அரசியலும் மறையியலும் அவ்விரண்டையும் ஒன்றாக்கக் கோரிய இடத்தில் அது வளைந்துகொடுத்தது.

கேலிக் பிரபுக்களின் ஆட்சி 1601இல் கின்சேல் போரில் முறிந்து, 1607இல் அல்ஸ்டர் பிரபுக்கள் நாட்டைவிட்டு அகன்ற பின், புலவர் குலங்களைப் புரந்தவர்கள் அயர்லாந்தில் இல்லாதாயினர். பிரான்சிஸ்கன் சபைத் தொண்டரான மீஹால் ஓ கிளேரி துணைவர்களுடன் சேர்ந்து 1632 முதல் 1636 வரை பழைய ஏடுகளைத் திரட்டி அயர்லாந்தின் ஆண்டுக்குறிப்புகளைத் தொகுத்தது, அழியப்போவதை முன்னறிந்து செய்த வேலை. அதன்பின் ஷனக்கஸ் அரண்மனையை விட்டுக் குடிசைக்கு வந்தது.

இந்நிலையில்தான் உரையளவை பற்றிய ஐரோப்பிய வாதம் கேலிக் கதைகளோடு நேரடியாக மோதியது. ஜேம்ஸ் மக்ஃபர்சன் என்ற மலைநாட்டு இளைஞர் 1760 முதல் 1763 வரை, 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒசியன் (கேலிக் மரபின் ஒஷீன்) என்னும் கவிஞரின் காவியங்கள் என்று சொல்லி ஆங்கிலத்தில் சில நூல்களை வெளியிட்டார். ஐரோப்பா முழுவதும் அவற்றைக் கொண்டாடியது. 1748இல் அற்புதங்கள் பற்றிய கட்டுரையில், சாட்சியம் எவ்வளவு வலிதாயினும் இயற்கையின் வழக்கத்தோடு ஒப்பிட்டே அதை எடைபோட வேண்டும் என்று வாதிட்டிருந்த தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம், தொடக்கத்தில் இந்நூல்களை ஆதரித்தார். ஐயம் வலுத்தபோது, 1763இல் தம் நண்பர் ஹியூ பிளேருக்கு எழுதி, நடையழகைக் கொண்டு வாதம் செய்வதை விட்டு மலைநாட்டில் இப்பாடல்களைக் கேட்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டுமாறு கூறினார். திரட்டியது அவரை நிறைவு செய்யவில்லை. ஒசியனின் மெய்ம்மை பற்றி அவர் எழுதிய கட்டுரை அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. ஆனால் 1776இல் வரலாற்றாசிரியர் கிப்பனுக்கு எழுதிய கடிதத்தில், இருபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள் ஐம்பது தலைமுறை வாய்வழியே காக்கப்பட்டன என்று அறிவுடையோர் எவ்வாறு எண்ணத் துணிந்தனர் என்று வியக்கிறார். மலைநாட்டார் ஐம்பது பேர் சொன்னாலும் நம்பமாட்டேன் என்று அவர் கொச்சையாகக் கூறியதை எழுத்தாளர் பாஸ்வெல் குறித்துவைத்திருக்கிறார். 1773இல் மேற்குத் தீவுகளைச் சுற்றிவந்த ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் இன்னும் கடுமையானவர். புலவரும் ஷனக்கியும் ஒருவரா இருவரா என்ற கேள்விக்கே ஊருக்கொரு விடை கிடைக்கக் கண்ட அவர், எழுத்தில்லாத மொழியில் நூறாண்டுக்கு மேல் எதுவும் நிலைக்க வழியில்லை என்று 1775இல் வெளிவந்த தம் பயணநூலில் முடிவு கட்டினார்.

மக்ஃபர்சனைப் பற்றி இருவரும் கூறியது பெரிதும் சரி. கேலிக் மரபைப் பற்றி இருவரும் கூறியது தவறு. 1512க்கும் 1542க்கும் இடையே பெர்த்ஷயரில் எழுதப்பட்ட 'லிஸ்மோர் முதல்வர் நூல்' ஃபின்னையும் ஒஷீனையும் பற்றிய கேலிக் கதைப்பாடல்களைக் கொண்டிருக்கிறது. அது ஜான்சன் பயணம் செய்த நாட்களிலும் இருந்தது, அவர்தான் அதை அறியவில்லை. ஸ்காட்லாந்து மலைநாட்டுச் சங்கம் அமைத்த குழு 1805இல் வெளியிட்ட அறிக்கை, மக்ஃபர்சன் உண்மையான பழம்பாடல்களை எடுத்துத் தம் விருப்பம்போல் கூட்டியும் குறைத்தும் அமைத்தார் என்ற நடுவழி முடிவுக்கு வந்தது. அக்குழுவின்முன் 1800இல் வாக்குமூலம் அளித்தவர்களுள் லாக்லன் மக்வூரிக் என்பவர் ஒருவர். கிளான்ரானல்டு தலைவர்களுக்குப் பரம்பரைப் புலவர்களாக விளங்கிய குடும்பத்தில், 13ஆம் நூற்றாண்டுப் புலவர் முயிரெதக்கிலிருந்து தாம் பதினெட்டாம் தலைமுறை என்று முன்னோர் பெயர்களை அடுக்கிச் சொன்ன அவருக்கு எழுதத் தெரியாது. குடும்பத்திலிருந்த தோலேடுகள் சிலவற்றைத் தையற்காரர்கள் அளவெடுக்கும் நாடாக்களாக வெட்டிக்கொண்டதைத் தாமே கண்டதாகவும் அவர் கூறினார். எழுத்து நிலைக்கும், நினைவு அழியும் என்ற தத்துவத்துக்கு எதிராக இதைவிட நேரான சாட்சியம் தேடினாலும் கிடைக்காது; ஏடு தையற்காரரிடம் போயிற்று, குலவரிசை எழுத்தறியாதவரின் நாவில் நின்றது. ஹியூமின் பிழை, சாட்சியத்தை எடைபோட்டதில் இல்லை. மலைநாட்டார் எதற்குச் சாட்சி சொல்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. இப்பாடலை எங்கள் பாட்டனார் பாடக் கேட்டோம் என்று அவர்கள் கூறியபோது, ஒசியன் 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார் என்று கூறுவதாக அவர் எடுத்துக்கொண்டார்.

குடிசைக்கு வந்துசேர்ந்த மரபு எத்தகைய ஒழுக்கத்தோடு வாழ்ந்தது என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் முறையாகப் பதிவாயிற்று. கெரி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூரான கில் ரீலிக்கில் வாழ்ந்த ஷான் ஓ கோனல் மீனவரும் உழவருமாவார்; பள்ளி சென்றதில்லை, ஆங்கிலம் அறியார். 1923இல் அவரைச் சந்தித்த நாட்டார் வழக்காற்றுத் தொகுப்பாளர் ஜேம்ஸ் டெலார்கி, 1931இல் அவர் இறக்கும்வரை அவரிடம் கதைகளை எழுதியெடுத்தார். அவை 1948இல் நூலாயின. முதுமையில் கேட்பார் குறைந்துபோனபோது, கதைகள் தம் பிடியிலிருந்து நழுவிவிடக் கூடாதே என்று, அருகில் எவரும் இல்லை என்று எண்ணிய வேளைகளில் ஓ கோனல் அவற்றைக் கையசைவுகளுடன் உரக்கச் சொல்லிப் பயின்றார் என்று டெலார்கி எழுதுகிறார். கேட்பவர் இல்லாத இடத்தில் கதை எவரையும் மகிழ்விப்பதில்லை, எதையும் நம்பவைப்பதும் இல்லை. எஞ்சியிருப்பது, தந்தவரிடம் பெற்றதைக் குறையாமல் வைத்திருக்கும் கடமை ஒன்றே. செபம் என்ற சொல்லை இதற்குப் பயன்படுத்துவது மிகையாகலாம், எனினும் ஆளில்லாத இடத்தில் சொல்லப்பட்ட இக்கதைகளின் இயல்பு அதற்கு அருகில் வருகிறது.

சொல்லுக்குச் சொல் மாறாத தன்மை எல்லாரிடமும் இருந்ததாகக் கூற முடியாது. சிலர் கதையின் எலும்புக்கூட்டை மட்டும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் சதையைப் புதிதாக இட்டனர். தென் யூயிஸ்ட் தீவின் டன்கன் மக்டொனால்டு மறுவகை. 'துறவாடை அணிந்தவன்' என்னும் நெடுங்கதையை அவரிடமிருந்து பல ஆண்டு இடைவெளியில் வெவ்வேறு தொகுப்பாளர்கள் பதிவு செய்தபோது, சொற்கள் பெரும்பாலும் அப்படியே நின்றன. படகைக் கடலில் இறக்குதல், வீரன் ஆயுதம் பூணுதல் போன்ற இடங்களில் மூச்சுவிடாமல் ஓதப்படும் அடுக்குத்தொடர்கள், ஓட்டங்கள் எனப்படுபவை, இந்நிலைப்புக்கு அச்சாணியாக இருந்தன; அவற்றுள் சில சொற்களின் பொருள் சொல்பவருக்கே விளங்காமற்போன பின்னும் அவை கைவிடப்படவில்லை. இத்தகைய வீரக்கதைகளில் பல, பிற்கால இடைக்காலக் கையெழுத்துச் சுவடிகளிலிருந்து உரக்கப் படிக்கக் கேட்டு வாய்மொழியில் கலந்தவை என்று ஆலன் புரூஃபர்டு 1969இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ஆக, வாயிலிருந்து ஏட்டுக்கும் ஏட்டிலிருந்து வாய்க்கும் இருவழிப் போக்குவரத்து நடந்திருக்கிறது; தூய வாய்மொழி மரபு என்று எவரேனும் பேசினால் அதைச் சற்று ஐயத்துடன் கேட்பதே நல்லது.

கதையை முடிக்கும்போது சொல்பவர்கள் வழக்கமாகக் கூறிய சில தொடர்கள், லெய்ன்ஸ்டர் நூலின் இலத்தீன் முடிவுரையை எழுத்தறியாதாரின் மொழியில் மீண்டும் சொல்கின்றன: இதை இட்டுக்கட்டியவர் தாம் அல்லர் என்பார்கள்; இதில் பொய் இருந்தால் இருந்துபோகட்டும் என்பார்கள். ஆக்கியோன் என்ற பெருமையையும் மெய்ம்மைக்கான பொறுப்பையும் ஒருசேரத் துறக்கும் இக்கூற்று, கதைக்குப் பின்னரே வருகிறது. கதை நடக்கும்போது கேட்போரின் ஐயத்துக்கு இடமளிப்பதில்லை. சவின் எனப்படும் நவம்பர் முதல் நாளுக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட குளிர்கால இரவுகளே வீரக்கதைக்கு உரியவை. பகலில் அவற்றைச் சொல்வது தீங்கு தரும் என்று கருதினர். ஃபின் கதைகளை ஆண்களே சொல்ல, குலவரலாறு, நாட்டு வேண்டுதல்கள் ஆகியவற்றில் பெண்கள் ஆண்களை விஞ்சி நின்றதாக டெலார்கி குறிப்பிடுகிறார்.

இந்நுட்பமான பிரிவினையைச் சமயத் தீவிரம் ஏற்க மறுத்த இடங்களும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் வடக்கிலும் தீவுகள் சிலவற்றிலும் எழுந்த நற்செய்தி எழுச்சி, கதையையும் பாட்டையும் பிடிலையும் ஆன்மாவைக் கெடுக்கும் வீண்செயல்கள் என்று கண்டித்தது. 1860இல் தம் கதைத் தொகுப்பை வெளியிடத் தொடங்கிய ஜான் பிரான்சிஸ் கேம்பெல் இதைக் கசப்புடன் பதிவு செய்திருக்கிறார். கத்தோலிக்கர் வாழ்ந்த தென் யூயிஸ்ட், பாரா, எரிஸ்கே தீவுகளில் கதைகள் செழித்தன. எரிஸ்கேயின் பங்குக்குரு ஆலன் மக்டொனால்டு தாமே அவற்றைக் குறிப்பேடுகளில் எழுதித் தொகுத்தார். மரபுரையையும் மறைநூலோடு ஏற்கும் சபையில் வளர்ந்தவர்களுக்கு, ஏட்டில் இல்லாத சொல்லோடு வாழ்வது பழகிய ஒன்று. உண்மை அல்லது பொய் என்ற இரண்டே பெட்டிகளை வைத்திருந்தவர்களுக்கு, நம்பாமல் காக்கப்படும் கதைக்கு இடம் எதுவும் மிஞ்சவில்லை.

இதனால் கேலிக் மக்கள் சாட்சியத்தை எடைபோட அறியாதவர்கள் என்று கொண்டால் அது பெரும்பிழை. தேவதையரையோ ஆவியையோ கண்டதாகவும், இறப்பை முன்னறிந்ததாகவும் கூறும் ஊர்க்கதைகளில் சொல்பவர் மிகக் கவனமாக இருந்தார்: யார் கண்டது, எந்த வாய்க்கால் ஓரம், கண்டவர் சொல்பவருக்கு என்ன உறவு, அவர் பொய்சொல்லும் இயல்பினரா என்பவை முதலிலேயே நிறுவப்பட்டன, கேட்போர் நம்பவும் மறுக்கவும் உரிமை பெற்றனர், மறுத்தும் இருக்கின்றனர். பிளாஸ்கெட் தீவின் கதைசொல்லி பெய்க் சேயர்ஸ் (1873–1958) போன்றோரிடம் இவ்விருவகையும் ஒரே நாவில் குடியிருந்தன. அண்மையில் நடந்ததாகக் கூறப்படுவதற்கு லாக்கின் விதியையும், தொன்மைக் காலத்து வீரனுக்கு ஒப்படைத்தலின் விதியையும் அவர்கள் கலக்காமல் கையாண்டனர். ஹியூமுக்குக் கிடைத்திருந்தால் அவர் மகிழ்ந்திருக்கக்கூடிய பாகுபாடு இது.

1935இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம், டெலார்கியின் தலைமையில், மெழுகு உருளையில் ஒலிபதியும் எடிபோன் கருவியுடன் முழுநேரத் தொகுப்பாளர்களை மேற்கு மாவட்டங்களுக்கு அனுப்பியது. கானமாராவின் கார்னா பகுதித் தையற்காரர் ஏமன் அ பர்க்கிடம் 1938இல் பதிவான ஒரு கதை 30,000 சொற்களுக்கு மேல் நீண்டது. 1937 முதல் 1939 வரை ஏறத்தாழ 5,000 தொடக்கப்பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் வீட்டு முதியோரிடம் கேட்டு எழுதிய பக்கங்கள் தனித் தொகுப்பாகச் சேர்ந்தன. ஆணையத்தின் ஆவணக்காப்பாளர் ஷான் ஓ சில்லவான் 1942இல் வெளியிட்ட கையேடு, சுவீடனின் உப்சலா முறையைத் தழுவி வழக்காறு முழுவதையும் பொருள்வாரியாக வகுத்தது. வீடு, கால்நடை, இறப்பு, புனிதர், வீரக்கதை என ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் கிடைத்தது. இவ்வகுப்பில் கதை, அதைச் சொன்னவரைச் சாராத தனிப்பொருளாகிறது. பழைய மரபில் அப்படி ஒரு பொருள் இல்லை, இன்னாரிடம் கேட்ட கதை என்பது மட்டுமே உண்டு. ஆயினும் தொகுப்பாளர்கள் ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் சொன்னவரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றோடு, அவர் அதை எத்தனை ஆண்டுகளுக்கு முன் யாரிடம் கேட்டார், அப்போது அவருக்கு என்ன வயது என்பதையும் எழுத வேண்டியிருந்தது. லாக் கோரிய சங்கிலியை வரையும் முயற்சி இது. ஆனால் பெரும்பாலான பதிவுகளில் அது தந்தையோடோ அண்டைவீட்டு முதியவரோடோ, ஒன்றிரண்டு கண்ணிகளிலேயே நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் யார் என்று சொன்னவர்கள் கூறவில்லை. தங்கள் பொறுப்பு அந்த ஒரு கண்ணியோடு நிறைவேறிவிட்டது என்று கருதியவர்களுக்கு, அதற்குமேல் கூற வேண்டியதும் இருக்கவில்லை.